ஆவியை அளந்த வைத்தியர்

ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளக் களப்புமாகக் கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டிலே, எத்தாளை என்னும் ஊரிற் பிறந்தவன் நான். 31 ஆண்டுகள் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றேன். சென்ற ஆண்டு என் மகளின் இளைய மகனுக்கு, ஏழு வயதுப் பாலகனுக்கு, குடலிறக்கத்திற்காகச் சத்திரசிகிச்சை செய்யவேண்டுமென்று வைத்தியர்கள் கூறினர். தகப்பன் கத்தார் நாட்டில் தொழில் செய்பவர். ஆகவே பிள்ளையோடு புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகும் கடமை என்னைச் சார்ந்தது.

கத்தியைக் குறித்து எங்கள் வீட்டில் எவரும் அஞ்சினாரில்லை. அஞ்சியதெல்லாம் மயக்க மருந்தைக் குறித்தே. உறங்க வைத்த பிள்ளை விழிக்காமற் போனால் என்ன செய்வது என்று என் மகள் இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கூற என்னிடம் விடை இல்லை. குளோரோபோமின் ஒரு மூலக்கூற்றிலே காபன் ஒன்று, ஐதரசன் ஒன்று, குளோரின் மூன்று என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியவன் நான். அது ஒரு மனிதனை எவ்வாறு உறங்கச் செய்கிறது, எவ்வளவு சென்றால் உறக்கம், எவ்வளவு சென்றால் மரணம் என்பதை ஒரு நாளாவது மாணவருக்குச் சொல்லிக் கொடுத்தேனா என்றால், இல்லை. நானே அறியாததை எவ்வாறு சொல்லுவேன்?

மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் ஓர் இளம்பெண். என் முகத்தைக் கண்டே உள்ளத்தை அறிந்துகொண்டார் போலும். ஒரு துண்டுச் சீட்டின் பின்புறத்தில் வட்டமொன்று வரைந்து, இலக்கங்களைக் குறித்து, மருந்தின் பெயர் செவோபுளூரேன் என்றும், அதன் ஆவியை முதலில் நூற்றுக்கு 8 பங்கு வரையிலும், பிள்ளை உறங்கிய பின்னர் 2 அல்லது 3 பங்குமாக ஒட்சிசனோடு கலந்து முகமூடி வழியே கொடுப்பார் என்றும் விளக்கினார். பழைய ஆசிரியப் புத்தி என்னை விடவில்லை. ஆவியை இப்படி நூற்றுக்கு இத்தனை பங்கென்று அளந்து கொடுக்கவேண்டும் என முதலில் எண்ணியவர் யார் என்று கேட்டேன். ஜோன் ஸ்னோ என்றார் அவர்.

எனக்கு வியப்பாயிற்று. அப்பெயரை வாந்திபேதியோடு சேர்த்தே நான் படித்திருந்தேன். குடிநீராலேயே அந்நோய் பரவுகிறது எனக் காட்டி, இலண்டனில் ஒரு தெருக்குழாயின் கைப்பிடியைக் கழற்றுவித்தவர் என்று மாணவருக்கும் சொல்லியிருந்தேன். அவருடைய வாழ்நாட்டொழில் மயக்க மருந்து கொடுப்பதே என்பதை அன்றுதான் அறிந்தேன். அதன்பின் பல மாதங்களாக அவரைப்பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அவ்வாறு அறிந்ததை வாசக அன்பர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

ஜோன் ஸ்னோ 1813 ஆம் ஆண்டு மார்ச் 15 ஆம் நாள் இங்கிலாந்தின் யோர்க் நகரிலே, ஆற்றங்கரையை அடுத்த ஓர் ஏழைத் தெருவிற் பிறந்தார். தகப்பன் கூலித் தொழிலாளி. ஒன்பது பிள்ளைகளுள் இவரே மூத்தவர். 14 ஆம் வயதில் நியூகாசில் நகரத்துச் சத்திர வைத்தியர் ஒருவரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். 1831 இன் இறுதியில் வாந்திபேதி அப்பிரதேசத்தில் நுழைந்தபோது, பதினெட்டு வயது இளைஞரான இவர், கில்லிங்வேர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே தனியராய் நின்று பணி செய்தார். புலாலை நீக்கினார், மதுவை விலக்கினார், தண்ணீரைக் காய்ச்சி வடித்தே பருகினார். இவரை ஒரு விசித்திரப் பிறவி என்றே உடன் பயின்றோர் கருதினர். எங்கள் பக்கத்து ஊர்களிலும் இத்தகையோரைக் கண்டிருக்கிறேன். முதலில் சிரிப்பார்கள், பிறகு அவர்களிடமே யோசனை கேட்கப் போவார்கள்.

1836 இல் வேல்ஸ், பாத் முதலிய இடங்களின் வழியாகப் பெருவழியைக் கால்நடையாகவே கடந்து இலண்டன் சேர்ந்தார். 1838 இல் சத்திர வைத்தியராகத் தேறினார். 1844 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து எம்.டி. பட்டம் பெற்றார். சோஹோப் பகுதியிலே பிரித் தெருவில் வீடு எடுத்து வைத்தியம் தொடங்கினார். நோயாளர் அதிகம் வந்தாரில்லை. குரல் கரகரத்தது, பேச்சில் நயமில்லை, செல்வர் வீடுகளில் உறவாடும் திறமும் இல்லை. வைத்திய சங்கக் கூட்டங்களில் இவர் எழுந்து பேசினால் பலர் செவிகொடுத்ததில்லை. ஆயினும் 1841 இலேயே, பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தைகளைக் குறித்து அங்கே ஒரு கட்டுரை படித்தார். மூச்சு, வாயு, இரத்தம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புபடுகின்றன என்பதே அன்று தொட்டு இவருடைய சிந்தனை. ஐந்தாண்டு கழித்து உலகையே மாற்றிய ஒரு செய்தி வந்தபோது, அதனை ஏற்பதற்கு இலண்டனிலே முன்கூட்டி ஆயத்தமாய் இருந்தவர் இவரே என்று நான் நினைக்கிறேன்.

அச்செய்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1846 ஒக்டோபர் 16 இல் பொஸ்டன் நகர வைத்தியசாலையில், மோர்ட்டன் என்னும் பல் வைத்தியர் ஈதரின் ஆவியை ஒரு நோயாளிக்கு முகரக் கொடுத்து, வலியறியாவண்ணம் சத்திரசிகிச்சை நடைபெறச் செய்தார். அதற்கு முன்னர் சத்திரசிகிச்சை என்றால் என்ன என்பதை நாம் இன்று கற்பனை செய்வதும் அரிது. நாலு பேர் அழுத்திப் பிடிக்க, நோயாளி அலற, கண்மூடித் திறப்பதற்குள் காலை வெட்டும் வைத்தியனே சிறந்த வைத்தியன் எனப்பட்ட காலம் அது. கப்பல் வழியே செய்தி டிசம்பரில் இலண்டனை எட்டியது. அம்மாதம் 21 ஆம் நாள் லிஸ்டன் என்னும் பேர்பெற்ற சத்திர வைத்தியர் ஈதர் கொடுத்து ஒருவரின் காலை அகற்றினார். நம் பக்கத்திலும் அது விரைந்து பரவியது. 1847 மார்ச் 22 இல் கல்கத்தா வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஈதர் பயன்பட்டது. பிற்காலத்தில் மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அந்த ஆண்டிலேதான் பொஸ்டனிற் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். அவருடைய முயற்சியாற் பின்னர் இரண வைத்தியம் என்னும் சத்திரசிகிச்சை நூல் தமிழில் வெளியாயிற்று.

புதுமையைக் கண்ட எல்லோரும் ஈதரை எடுத்து ஊற்றத் தொடங்கினர். சிலர் உறங்கினர், சிலர் வெறிகொண்டு எழுந்து ஓடினர், சிலருக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆதலால் இம்மருந்து நம்பத்தகாதது என்று பலர் கைவிட இருந்தனர். டிசம்பர் இறுதியில் பல் வைத்தியர் ஒருவரின் வீட்டில் ஈதர் கொடுப்பதைக் கண்ட ஸ்னோ, குற்றம் மருந்திலன்று, கருவியிலே என்று உடனே உணர்ந்தார். மூன்று வாரத்துக்குள், 1847 ஜனவரி நடுவிலே, ஓர் அட்டவணையோடு வைத்திய சங்கத்தில் எழுந்து நின்றார். வெப்பநிலை இத்தனை பாகையானால் காற்று இத்தனை பங்கு ஈதர் ஆவியைத் தாங்கும் என்பதே அவ்வட்டவணை. ஆவியமுக்கம் என்று நாம் பத்தாம் வகுப்பிற் படிக்கும் பாடந்தான். அதனை நோயாளியின் கட்டிலருகே கொண்டு சென்றவர் அவர்.

இதன் பெருமையை எத்தாளையில் இருப்பவனுக்கு விளக்கவேண்டியதில்லை. ஈதர் ஏறத்தாழ 35 பாகை செல்சியசில் கொதிக்கும் திரவம். இலண்டனின் 10 பாகைக் குளிரறையில் காற்று நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைந்த பங்கு ஈதரையே ஏற்கும். நம்மூரின் 30 பாகையிலோ அது எண்பதைத் தாண்டிவிடும். சித்திரை மாத நண்பகலில் இங்கே ஈதர்ப் போத்தலைத் திறந்து வைத்தால், மருந்து நோயாளியை அடையுமுன் காற்றோடு கலந்து போய்விடும். வெப்ப நாடுகளிலும் இந்தியப் பட்டாளங்களிலும் ஈதரைவிடக் குளோரோபோமையே வைத்தியர் நெடுங்காலம் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே மருந்து, ஒரே கருவி. ஆனால் அறையின் வெப்பம் மாறினால் அளவும் மாறிவிடுகிறது. ஒருவர் உறங்கியதும் மற்றவர் உறங்காததும் இதனாலேதான்.

ஸ்னோ செய்த கருவியை ஓவியத்திற் கண்டிருக்கிறேன். சுருள்வழி அமைந்த ஓர் உலோகப் பேழை, நீர் நிறைந்த தொட்டிக்குள் அமிழ்ந்திருக்கும். பிறர் கண்ணாடிப் பாத்திரத்தில் பஞ்சை இட்டு ஈதர் ஊற்றினர். ஈதர் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும், பாத்திரம் குளிரும், குளிர்ந்தால் ஆவி குறையும், நோயாளி நடுவிலே விழித்துக்கொள்வான். உலோகம் நீரிலிருந்து வெப்பத்தை வாங்கி ஈதருக்குக் கொடுக்கும். நீரின் வெப்பத்தை வைத்தியரே தீர்மானிக்கலாம். குழாயை அகலமாக அமைத்தார், மூச்சு திணறாதிருக்க. முகமூடியில் ஒரு கதவு வைத்தார். அதனைச் சிறிது திறந்தால் புதுக்காற்று கலந்து மருந்தின் செறிவு குறையும். என் பேரனுக்கு இளம் வைத்தியர் வரைந்து காட்டிய வட்டத்தின் பூர்வீகம் இதுவே.

அவ்வாண்டு செப்டெம்பருக்குள் ஈதரைப்பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். மயக்கத்தை ஐந்து படிகளாகப் பிரித்தார். முதற்படியில் அறிவு சற்றே மாறும். இரண்டாவதில் கனவுபோன்ற குழப்பம். மூன்றாவதில் மனத்தொழிலும் இச்சைச் செயலும் ஒடுங்கும். நான்காவதில் மூச்சைத் தவிர வேறசைவு இல்லை. ஐந்தாவது மரணத்தின் வாசல். அதை அவர் விலங்குகளிடத்தே மட்டும் கண்டார். நோயாளியின் கண், தசை, மூச்சு ஆகியவற்றைப் பார்த்து எந்தப் படியில் நிற்கிறான் என அறியும் வழியையும் கற்பித்தார்.

அந்நூல் வெளிவந்து இரண்டு மாதம் ஆகுமுன் எடின்பரோ நகரிலிருந்து சிம்சன் என்னும் பிரசவ வைத்தியர் குளோரோபோமை அறிமுகப்படுத்தினார். 1847 நவம்பர் 4 இரவு, தம் வீட்டு உணவு மேசையருகே நண்பர்களோடு முகர்ந்து பார்த்து அதன் ஆற்றலைக் கண்டவர் அவர். ஈதர் நெருப்பைப் பற்றும், தொண்டையை எரிக்கும், மெல்லவே வேலை செய்யும். குளோரோபோமோ இனிய மணமுடையது, தீப்பற்றாது, சில துளிகளே போதும். கருவி எதற்கு, கைக்குட்டை இருந்தாற் போதும் என்றார் சிம்சன். உலகம் அவர் பின்னே சென்றது. தம் புத்தகத்தையும் கருவியையும் ஒருசேரக் காலாவதியாக்கிய அம்மருந்தின்மேல் ஸ்னோ மனக்கசப்புக் கொள்ளவில்லை. அதையும் எடுத்து அளக்கத் தொடங்கினார்.

1848 ஜனவரி 28 இல், ஸ்னோ தொழில் பழகிய நியூகாசிலுக்கு அருகே வின்லற்றன் என்னும் சிற்றூரில், ஹனா கிரீனர் என்னும் பதினைந்து வயதுப் பெண்பிள்ளை கால்விரல் நகம் அகற்றுவதற்காகக் குளோரோபோம் முகர்ந்தாள். துணியில் ஒரு தேக்கரண்டி மருந்து. சில நிமிடங்களில் அவள் இறந்துபோனாள். மயக்க மருந்தால் நேர்ந்ததெனப் பதிவான முதல் குளோரோபோம் மரணம் அது. நகம் ஒன்றுக்காக! இவ்விடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வாசலிற் போய் உட்கார்ந்தேன். என் மகள் இரவெல்லாம் கேட்ட கேள்வி அச்சிற்றூரில் ஒரு வீட்டிலே விடையின்றி நின்றதல்லவா?

மயக்கம் தெளிவிப்பதற்காக வாயில் ஊற்றிய பிராந்தியே மூச்சுக்குழலை அடைத்தது என்றார் சிம்சன். ஸ்னோ அதனை ஏற்கவில்லை. துணியிலிருந்து எழும் குளோரோபோமின் செறிவை எவரும் அறியார். முகத்தருகே நெருக்கிப் பிடித்தால் ஆவி அளவுக்கு மிஞ்சி ஒரே மூச்சில் உள்ளே போகும். அவ்வாறு போன இரத்தம் முதலில் அடையுமிடம் இருதயம். அங்கேயே அதனை நிறுத்திவிடும் என்றார். காற்றில் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு குளோரோபோமுக்கு மேற்படலாகாது என்பது அவர் விதி. 15 பாகைக் காற்றுக்கூட ஏறத்தாழ 16 பங்கு வரை ஏற்கும். ஆகவே உயிருக்கும் சாவுக்கும் நடுவிலுள்ள தூரம் துணியைப் பிடிக்கும் விரலின் அகலமே.

அடுத்த பத்தாண்டு இவரின் வாழ்வு முழுவதும் இந்தத் தூரத்தை அளப்பதிலேயே கழிந்தது. பகலில் ஆஸ்பத்திரிகளிலும் வீடுகளிலும் மயக்க மருந்து கொடுப்பார்; ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 450 பேர். இரவில் வீட்டுக்குத் திரும்பி ஒவ்வொருவரையும் பற்றிக் குறிப்பெழுதுவார். 1848 முதல் 1858 வரை எழுதிய அக்குறிப்பேடுகள் இன்றும் இலண்டன் வைத்தியக் கல்லூரியொன்றிற் பேணப்படுகின்றன. எஞ்சிய நேரத்தில், அளவறிந்த கண்ணாடிச் சாடிக்குள் நிறுத்தறிந்த மருந்தை இட்டு, எலி, குருவி, தவளை, மீன் ஆகியவற்றை வைத்துப் பார்ப்பார். அதுவும் போதாதென்று தாமே முகர்ந்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே உறங்கி விழிப்பார். மனைவி மக்கள் அவருக்கு இல்லை.

இச்சோதனைகளால் அவர் கண்ட உண்மை ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. மயக்க மருந்தின் ஆவி நுரையீரலில் இருக்கும் காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே பங்கிடப்படுகிறது. இரத்தம் அம்மருந்தை முழுவதுமாக எவ்வளவு கரைத்துக் கொள்ளவல்லதோ, அதில் ஒரு சிறு பின்னத்தை அடைந்தவுடனேயே மயக்கம் வருகிறது. ஈதரானாலும் குளோரோபோமானாலும் அப்பின்னம் பெரிதும் வேறுபடுவதில்லை. ஆகவே இரத்தத்திற் குறைவாகக் கரையும் மருந்துக்குக் குறைந்த அளவே போதும். நிறையக் கரைவதற்கு நிறைய வேண்டும். மருந்தின் வலிமை ஏதோ மாயமன்று, கரைதிறனைப் பொறுத்தது என்பதை இவ்வாறு காட்டினார். அரை நூற்றாண்டு கழித்து, 1899 அளவில், மயரும் ஓவர்ட்டனும் தனித்தனியே ஒலிவ் எண்ணெயில் இம்மருந்துகளைக் கரைத்துப் பார்த்து, எண்ணெயிற் கூடக் கரைவதே கூடிய வலிமையுடையது என நிறுவினர். பாதை ஸ்னோ வெட்டியது.

கரைதிறனுக்கு இன்னொரு பொருளும் உண்டு. எங்கள் குடாநாட்டிலே வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சுவோர் இதனை எளிதில் உணர்வர். மணல் வாய்க்காலிலே விடும் நீரை மணல் உறிஞ்சி உறிஞ்சி, அது நிறைந்த பின்னரே கடைசிப் பாத்தியை அடையும். சீமெந்து வாய்க்காலிலே விட்ட நீர் கணத்தில் ஓடிவிடும். ஈதருக்கு இரத்தம் மணல் வாய்க்கால். காற்றில் ஒரு பங்கிருந்தால் இரத்தம் 12 பங்கு வாங்கிக்கொள்ளும், மூளையிற் போதிய அமுக்கம் ஏற வெகுநேரமாகும், தெளியவும் வெகுநேரமாகும். செவோபுளூரேனுக்கு அவ்விகிதம் 0.7 க்கும் குறைவு. அதனாலேதான் பிள்ளை சில மூச்சுகளிலே உறங்குகிறான். முகமூடியை எடுத்தபின் விரைந்து விழிக்கிறான். இதனை அந்த இளம் வைத்தியரிடம் பின்னொருநாள் சொன்னபோது, தம் மாணவருக்கும் இனி வாய்க்காலைச் சொல்லிக் கொடுப்பதாகச் சிரித்தார்.

குளோரோபோம் உடலிற் பெரும்பாலும் மாறாமலே மூச்சுவழி வெளியேறுகிறது என்பதையும் ஸ்னோ கண்டார். வெளிவரும் மூச்சைக் காரப்பொருளின் ஊடே செலுத்தி, காபனீரொட்சைட்டை மட்டும் நீக்கி, அதே காற்றை மறுபடி முகர்ந்து, மயக்கம் நீடிப்பதைத் தம்மிடமே சோதித்தார். இன்றைய மயக்க இயந்திரங்களிலும் மூச்சு இவ்வாறே சுற்றி வருகிறது.

அரசியாரின் கதை எல்லோரும் அறிந்தது. விரைவிற் சொல்லி முடிக்கிறேன். 1853 ஏப்ரல் 7 இல் விக்டோரியா மகாராணியாரின் எட்டாவது பிரசவத்துக்கு ஸ்னோ அழைக்கப்பட்டார். மடித்த கைக்குட்டையிற் சிறிது சிறிதாகத் துளித்து, 53 நிமிடம் குளோரோபோம் கொடுத்தார். முழு மயக்கம் வேண்டியதில்லை, வலி தணிந்தாற் போதும் என்பதால் கருவியை எடுக்கவில்லை. 1857 இல் மற்றொரு முறையும் அழைக்கப்பட்டார். பிரசவ வேதனையைத் தணிப்பது தெய்வ விரோதம் என்ற கூச்சல் இதனால் அடங்கியது என எழுதுவோர் உண்டு. அக்கூச்சல் அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை என்பது பிற்கால ஆராய்ச்சி. அரசியார் எவ்வாறிருந்தார் என வினவிய செல்வச் சீமாட்டிகளுக்கு ஸ்னோ ஒன்றும் சொன்னதில்லையாம்.

1854 இல் சோஹோவில் வாந்திபேதி வந்ததும், புரோட் தெருக் குழாயின் கைப்பிடி செப்டெம்பர் 8 இல் அகற்றப்பட்டதும் பாடப்புத்தகத்தில் உள்ளவை. நான் சேர்ப்பது ஒன்றே. நோய் துர்நாற்ற ஆவியால் வருகிறதென்று அறிஞர் உலகம் நம்பிய காலத்தில், அதனை மறுக்க ஸ்னோவுக்குத் துணிவு எங்கிருந்து வந்தது? ஆவியை அவரைப்போல் அறிந்தவர் எவருமிலர். ஆவி தூரம் செல்லச் செல்ல ஐதாகும். ஐதானால் வலிமை குன்றும். கிட்ட நின்றவனை விட்டுவிட்டு எட்ட நின்றவனைக் கொல்லும் ஆவி இல்லை. மயக்க மருந்துக் கணக்கே அவரைக் குழாயடிக்கு இட்டுச் சென்றது என்பது என் துணிபு.

குளோரோபோமைவிட ஆபத்துக் குறைந்த ஒன்றைத் தேடி, 1856 இன் இறுதியில் அமிலீன் என்னும் புதிய மருந்தைக் கையாளத் தொடங்கினார். முன்னரே விலங்குகளிடத்தும் தம்மிடத்தும் சோதித்தது. கருவியும் அளவும் தம்முடையவை. 238 பேருக்குக் கொடுத்ததில் இருவர் அவர் கண்முன்னே மேசையில் இறந்தனர். அளந்து கொடுத்தால் அஞ்சவேண்டியதில்லை எனப் பத்தாண்டு போதித்தவருக்கு நேர்ந்த இடி இது. அவர் மறைக்கவில்லை. இரண்டு மரணத்தையும் நிமிடம் நிமிடமாக எழுதி அச்சிட்டார். அம்மருந்தை அத்தோடு விட்டார். அவருடைய கண்டுபிடிப்புகளைவிட இச்செயலே எனக்குப் பெரிதாகப் படுகிறது. தேர்வுத்தாளில் ஒரு புள்ளியைத் தவறாக இட்டுவிட்டு அதனை ஒப்புக்கொள்ளத் தயங்கிய ஆசிரியன் நான்.

1858 ஜூன் 10 இல், குளோரோபோமைப் பற்றிய பெருநூலை எழுதி முடிக்கும் தறுவாயில், எழுதிக்கொண்டிருந்த மேசையிலேயே பாரிச வாதம் கண்டு வீழ்ந்தார். 16 ஆம் நாள் காலமானார், வயது 45. நண்பர் றிச்சர்ட்சன் அந்நூலை வெளியிட்டார். உலகெங்கும் நடந்த 50 குளோரோபோம் மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அதில் ஆராய்ந்திருக்கிறார் ஸ்னோ. தாம் குளோரோபோம் கொடுத்தோர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர். இலண்டனின் லான்செற் வைத்தியப் பத்திரிகையோ இவர் மரணத்தை இரண்டொரு வரியில் முடித்துவிட்டது. வாந்திபேதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 155 ஆண்டு கழித்து, 2013 இல், அப்பத்திரிகையே அதனைத் திருத்தி முழுமையான இரங்கற் குறிப்பு வெளியிட்டது.

குளோரோபோம் வழக்கு அவரோடு முடியவில்லை. அது நம் பக்கத்திலே, ஐதராபாத்தில் மறுபடி விசாரிக்கப்பட்டது. அங்கே தலைமை வைத்தியராயிருந்த எட்வேட் லோறி, மூச்சை மட்டும் கவனித்தாற் போதும், குளோரோபோம் இருதயத்தை நேரே நிறுத்தாது என வாதித்தார். 1888 இல் நிசாமின் பொருளுதவியோடு முதல் ஆணைக்குழு, 141 நாய்களின்மேற் சோதனை நடத்தி அவர் கருத்தையே உறுதிசெய்தது. இலண்டனார் நம்பவில்லை. 1889 இல் நிசாம் ஆயிரம் பவுண் கொடுக்க, லோடர் புரண்டன் என்னும் பேரறிஞர் கப்பலேறி வந்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளைச் சோதித்து அவரும் லோறியின் பக்கமே சாய்ந்தார். அக்காலத்தில் ஐதராபாத் வைத்தியப் பாடசாலையிற் பயின்ற ரூபாபாய் பர்தூன்ஜி, உலகின் முதற் பெண் மயக்க வைத்தியர்களுள் ஒருவராக எண்ணப்படுகிறார் என்பது நமக்குப் பெருமை. ஆனால் தீர்ப்புப் பிழை. 1911 இல் லெவி என்பவர், இலேசான குளோரோபோம் மயக்கத்திலே அதிரினலின் சுரந்தால் இருதயம் சீர்குலைந்து துடித்து ஒரு கணத்தில் நின்றுவிடும் என்பதைப் பூனைகளிடத்தே காட்டினார். அச்சத்தோடு மேசையேறிய சிறு சிகிச்சையாளர் பலர் மாண்டதற்கு அதுவே காரணம். இருதயமே நிற்கிறது என்ற மட்டில் ஸ்னோ சரி. செறிவு ஒன்றே காரணம் என்ற மட்டில் அவரும் முழுச் சரியல்லர்.

1951 இல் சக்லிங் என்னும் இரசாயனவியலாளர் ஹலோதேனை ஆக்கினார். 1956 இல் அது நோயாளருக்கு வந்தது. குளோரோபோம் மெல்ல மறைந்தது. 1960 களில் அமெரிக்காவில் ஈகரும் அவருடன் உழைத்தோரும் ஓர் அளவுகோல் வகுத்தனர். தோலைக் கீறும்போது நூற்றில் 50 பேர் அசையாதிருக்க நுரையீரலில் எத்தனை பங்கு ஆவி வேண்டும் என்பதே அது. செவோபுளூரேனுக்கு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 2. சிறுவருக்குச் சற்று அதிகம். ஈதருக்கும் 2 க்கு அண்மையே. குளோரோபோமுக்கு 1 ஐ எட்டாது. அதில் 8 பங்கைப் பேரனுக்குக் கொடுத்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். செவோபுளூரேனில் அது பொறுக்கத்தக்கது. அதுவும் உறங்கும்வரை மட்டுமே, இருதயத்தையும் ஒட்சிசனையும் பொறிகள் நொடிக்கு நொடி காட்டிக்கொண்டிருக்க.

அன்று காலை பேரனை உள்ளே அழைத்துச் சென்றபோது இவற்றில் ஒன்றும் எனக்குத் தெரியாது. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மகளோடு தாழ்வாரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்குச் சற்றுக் குறைவான நேரம். வெளியே கொண்டுவந்தபோது அரைக்கண் திறந்திருந்தான். தாயின் பெயரைச் சொல்லவில்லை. முகமூடிக்குள் பழுத்த பழம்போல ஏதோ மணத்தது, அது என்ன பழம் என்று என்னிடம் கேட்டான். பின்னேரம் ஒருமுறை வாந்தியெடுத்தான். மறுநாட் காலை கஞ்சி குடித்தான். பாலாவி வழியாக வீடு வந்து சேர்ந்தோம்.